கோயில் வீதியில் பதிந்த கசற்றுகள்: பொப்பிசை நிகழ்ச்சிப் பதிவுகளை மீட்டெடுக்கும் முறை

எழுபதுகளில் இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் தமிழ்ப் பொப்பிசையைப் பரப்பிய காலத்தில், கிற்றாரும் பொங்கோவும் அக்கோடியனுமாகக் கோஷ்டிகள் திருவிழா மேடைகளில் ஏறின. நாட்டார் மெட்டும் இலங்கையின் பைலா ஆட்டப் பாட்டுத் தாளமும் கலந்த அந்தப் பாட்டுகளில் இசைத்தட்டாக வெளிவந்தவை கொஞ்சம். மேடையில் எப்படிப் பாடினார்கள், சனம் எங்கே கைதட்டியது, எதைத் திரும்பப் பாடச் சொன்னது என்பதெல்லாம் வெளிவீதி மணலில் ரேப் றெக்கோடரை மடியில் வைத்திருந்தவர்கள் பதிந்த கசற்றுகளில்தான் இருக்கிறது. அவற்றுக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது.

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் கணினியில் தொடங்குகிறார்கள். கிடைத்த பிளேயரில் கசற்றை ஓடவிட்டு, தலையணி ஒலித் துளையில் வயரைக் குத்தி, வந்ததை எடுத்துக்கொண்டு, பிறகு இரைச்சல் நீக்கியோடு மல்லுக்கட்டுகிறார்கள். பத்தில் எட்டுப் பங்கு வேலை கணினிக்கு முன்னாலேயே இருக்கிறது: நாடா, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் கோது, நாடாவைத் தொட்டு வாசிக்கும் ஹெட்டின் சாய்வு, ஓடும் வேகம். இந்த நான்கும் சரியென்றால் மென்பொருளில் செய்ய அதிகம் இருக்காது. பிழையென்றால் எந்த மென்பொருளாலும் திருப்பி எடுக்க முடியாது.

ஓடவிடுவதற்கு முன்

கசற்றின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்ரிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். வேறெதற்கும் முதல் இதுதான். கசற்றை ஓட்டும் பழைய டெக்கில் கை தவறிப் பதிவுப் பொத்தானில் பட்டால் அந்த இரவு போனதுதான். நாக்கு இருந்த இடத்தில் செலோரேப் ஒட்டியிருந்தால் அதையும் உரித்துவிடுங்கள்.

பிறகு நீளம். சி60 (இரண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிடம்) நாடா ஏறத்தாழ 18 மைக்ரோமீற்றர் தடிப்பு. சி90 ஏறத்தாழ 12. சி120 ஏறத்தாழ 9. சி60 எதையும் தாங்கும். சி120ஐ வேகமாக முன்னோட்டவோ பின்னோட்டவோ வேண்டாம், சாதாரண வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். மெல்லிய நாடா றோலரில் சுற்றிக்கொள்ளும், இழுபட்டு நீளும். இரவு முழுக்க நடக்கும் நிகழ்ச்சி என்பதால் நீளமான கசற்றைத்தான் பலர் வாங்கினார்கள். ஆகவே இந்த எச்சரிக்கை நமக்கு அடிக்கடி தேவைப்படும்.

ஜன்னல் வழியே டோர்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைத் தூளோ சிலந்தி வலைபோன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். மார்கழி மழையில் நனைந்த சுவர் அலுமாரிக்குள் கிடந்தவற்றில் இது சர்வசாதாரணம். அந்தக் கசற்றை டெக்கில் போடாதீர்கள். டெக்கில் ஒட்டிய பூஞ்சணம் அடுத்த கசற்றுக்குப் போகும். காற்றுப் புகாத பெட்டியில் 200 கிராம் அளவு சிலிக்கா ஜெல்லோடு பத்து நாள் வையுங்கள். ஈரப் பூஞ்சணம் துடைத்தால் பிசுபிசுத்துப் பரவும், காய்ந்தது தூளாக உதிரும். காய்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஆஸ்மா உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது. நாடாவின் முகத்திலும் படிந்திருந்தால் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, நூல் உதிராத உலர்ந்த துணியின் மடிப்புக்கு நடுவே நாடாவை ஓடவிடுங்கள். டெற்றோல் வேண்டாம், மருந்துக்கடை ஸ்பிரிற்றும் வேண்டாம். அவற்றில் எண்ணெயும் வேறு சேர்க்கைகளும் இருக்கும்.

நாடாவை இளஞ்சூட்டில் வைத்துச் சுட வேண்டும் என்று வாசித்திருப்பீர்கள். அது முதுகுப் பூச்சுள்ள சில பெரிய றீல் நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பதற்கான வைத்தியம். சாதாரண இரும்பு ஒட்சைட்டுக் கசற்றுகளுக்கு அது தேவைப்படுவது மிக அரிது. கசற் கிரீச்சிட்டால் முதலில் கோதைச் சந்தேகியுங்கள்.

கோது மாற்றுதல்

ஐந்து ஸ்குறூ போட்ட, நல்ல நிலையிலுள்ள கசற் ஒன்றை வாங்கி அதன் நாடாவை எடுத்து எறிந்துவிட்டால் மாற்றுக் கோது தயார். இரண்டு மூன்று இப்படி வைத்திருங்கள். பழுதாகிறவற்றில் பாதி, நாடாவைத் தொடாமல் கோது மாற்றினாலேயே சரியாகிவிடும்: சிறு றோலர்கள் இறுகியிருக்கும், கோது வெயிலில் வளைந்திருக்கும், அல்லது நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருக்கும். அந்தத் துண்டு இல்லாவிட்டால் நாடா ஹெட்டைச் சரியாகத் தொடாது. குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மங்கும், இடைக்கிடை வலது இடது மாறி மாறிக் குறையும். இதை ஹெட் சாய்வுப் பிழை என்று நினைத்து ஸ்குறூவைத் திருகுகிறவர்கள் அதிகம். முதலில் கம்பளித் துண்டைப் பாருங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஏ பக்கம் மேலே இருக்க வைத்து, சிறிய நட்சத்திர ஸ்குறூட்றைவரால் ஐந்தையும் கழற்றுங்கள். மேல் பாதியை நேராக மேலே தூக்குங்கள், சாய்க்க வேண்டாம். நாடா போகும் பாதையைப் படம் எடுத்து வையுங்கள். இரண்டு சக்கரங்களையும் அவற்றுக்கிடையே உள்ள நாடாவோடு சேர்த்து ஒரே தூக்காக எடுத்துப் புதுக் கோதில் வைத்து, மூலை றோலர்களைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்து, கம்பளித் துண்டுக்கும் ஹெட் வாசலுக்கும் நடுவே விடுங்கள். மேலும் கீழும் வருகிற வழுக்குத் தாள்கள் மறக்காமல் போக வேண்டும். மூடியதும் ஸ்குறூக்களை மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். கடைசிச் சுற்று வேண்டாம், அதிகம் இறுகினால் சக்கரம் உரசும். பென்சிலால் சுற்றிப் பாருங்கள், இலகுவாகச் சுற்றினால் சரி.

ஸ்குறூ இல்லாமல் ஒட்டிய கோதென்றால் பொருத்தின் மேல் மெல்லிய தகட்டை வைத்து, நாடா இல்லாத முதுகுப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். கோது உடைந்தால் உடையட்டும், எப்படியும் எறியத்தான் போகிறோம்.

அறுந்த நாடாவை ஒட்டக் கசற்றுக்கென்றே விற்கிற 3.81 மில்லிமீற்றர் ஒட்டுநாடா வேண்டும். இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 45 பாகைச் சரிவில் ஒரே வெட்டாக வெட்டி, முனைக்கு முனை முட்டவைத்து, ஹெட்டைத் தொடாத உட்பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை ஒட்டுங்கள். செலோரேப்பின் பசை வெப்பத்தில் கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருடம்கூட வேண்டாம். கசங்கிய துண்டை வெட்டி எறியாதீர்கள். நகத்தால் மெல்ல நீவி நேராக்கினால் மங்கலாகவாவது கேட்கும். நாடா ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர்தான் ஓடுகிறது. நான்கு விரல் அகலத்தை வெட்டினால் ஒன்றரைச் செக்கன் பாட்டுப் போய்விடும்.

டெக்

யூஎஸ்பி வயரோடு மலிவாக விற்கிற கைப் பிளேயர்கள் இதற்கு உதவாது. அவற்றின் வேகத் தள்ளாட்டத்தைப் பின்னால் பிரித்தெடுக்க முடியாது. எண்பது தொண்ணூறுகளின் நல்ல வீட்டு டெக் ஒன்றைத் தேடி, அதைத் திருத்தி எடுங்கள். ரப்பர் பெல்ற்றுகள் கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும். சில கருந்தாராக உருகியிருக்கும். கையுறை போட்டு ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைத்து எடுங்கள். போன் திருத்தும் கடைகளில் போர்டு கழுவ வைத்திருக்கும் 99 வீதத் திரவம்தான் அது. ஹெட்டுக்கும் உலோகத் தண்டுக்கும் அதையே பாவியுங்கள். ரப்பர் றோலருக்கு மட்டும் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரம் விட்ட தண்ணீர் போதும். அற்ககோல் அடிக்கடி பட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

டெக்கின் வேகத்தை 3000 அல்லது 3150 ஹேர்ட்ஸ் சோதனைக் கசற்றால் சரிபார்த்து, மோட்டரின் பின்துளைக்குள் இருக்கும் ஸ்குறூவால் திருத்துங்கள். சோதனைக் கசற் கிடைக்காவிட்டால், கம்பனி வெளியிட்ட பாட்டுக் கசற்றுகள் மூன்றை எடுத்து, அவற்றின் பாட்டுகள் இறுவட்டில் எவ்வளவு நேரம் என்று ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று செக்கன் வித்தியாசமென்றால் ஒரு வீதம் பிழை. ஒரே கசற்றை நம்ப வேண்டாம், அவையும் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும்.

இரைச்சலைக் குறைக்கும் டொல்பி பொத்தானை அணைத்து வையுங்கள். கைப் றெக்கோடர்களில் பதிந்தவற்றுக்கு டொல்பி கிடையாது. போட்டால் உயர்சுரம் விழுங்கப்படும்.

ஹெட்டின் சாய்வு

மீட்பில் அதிக பலன் தருகிற வேலை இது. ஆனால் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். பதிந்த றெக்கோடரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருக்க வேண்டும். மலிவு றெக்கோடர்களில் அது தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கோணலாக இருந்திருக்கும். கணக்குப் பாருங்கள்: 10 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாடாவில் 4.76 மைக்ரோமீற்றர்தான். மோனோத் தடத்தின் அகலம் 1.5 மில்லிமீற்றர். அதன் குறுக்கே ஹெட் 0.1 பாகை சாய்ந்தால் ஒரு விளிம்புக்கும் மற்றதுக்கும் 2.6 மைக்ரோமீற்றர் வித்தியாசம், அதாவது அரை அலைக்கும் மேல். அந்த உயர்சுரத்தில் ஏறத்தாழ 5 டெசிபெல் போய்விடும். 0.2 பாகை என்றால் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். பிறகு ஈகுவலைசரில் உயர்சுரத்தை ஏற்றினால் வருவது இரைச்சல் மட்டும்தான்.

டெக்கின் கதவு மூடியைக் கழற்றினால், ஓடும்போது ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருளி போட்ட ஸ்குறூ தெரியும். அதன் பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துவிடுங்கள். காந்தமில்லாத ஸ்குறூட்றைவரைப் பாவியுங்கள். பெரும்பாலான பார்வையாளர் பதிவுகள் மோனோ. உங்கள் டெக்கோ ஸ்ரீரியோ. இது நமக்கு வாய்ப்பு: ஒரே தடத்தின் இரண்டு பாதிகளை இடதும் வலதும் தனித்தனியாக வாசிக்கும். இரண்டையும் சேர்த்து மோனோவாகக் கேட்டுக்கொண்டே ஸ்குறூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஓரிடத்தில் கைதட்டல் சட்டென்று கூர்மையாகும், அதுதான் இடம். இன்னும் நுணுக்கமாகச் செய்ய, கணினியில் இடது, வலது இரண்டில் ஒன்றின் அலையை மேல்கீழாகப் புரட்டி மற்றதோடு கூட்டுங்கள். சாய்வு சரியானால் மிச்சம் வருகிற சத்தம் மிகக் குறைவாக இருக்கும்.

எதைக் கேட்டுத் திருகுவது என்பதில் ஒரு விஷயம். மேடைப் பாட்டைக் கேட்டுத் திருகாதீர்கள். தென்னையிலும் பனையிலும் கட்டிய புனல் ஒலிபெருக்கிகள் உயர்சுரத்தை எட்டுவதில்லை. பாட்டு எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும். றெக்கோடருக்குப் பக்கத்தில் இருந்தவரின் கைதட்டல், கச்சான் பொதி செய்த கடதாசி கசங்கும் சத்தம், சில்வண்டு, இவைதான் நேராக மைக்குக்குள் போனவை. அவற்றைக் கேட்டுத் திருகுங்கள். கசற்றுக்குக் கசற், பக்கத்துக்குப் பக்கம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கசற்றைத் திருப்பிப் போட்டால் கோதின் நெளிவும் மாறுகிறது.

பின்னணியில் யாரோ பின்னிருந்து முன்னாகப் பேசுவது மெல்லக் கேட்டால் அது மறுபக்கத் தடம் கசிவது. ஹெட்டின் உயரம் அல்லது நாடா வழிகாட்டி பிழை. அதை மென்பொருளில் நீக்கப் பார்க்காமல் டெக்கில் திருத்துங்கள்.

கணினிக்குள் எடுத்தல்

பலகாலம் ஓடாத கசற்றை, சி60, சி90 என்றால், முதலில் முழுக்க முன்னோட்டிப் பின்னோட்டி இரண்டு தரம் சுற்றுங்கள். இறுகிய சுருள் தளரும். ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்து உண்டாகும் முன்னெதிரொலியும் கொஞ்சம் குறையும். இந்த எதிரொலி ஒன்றரை முதல் மூன்று செக்கன் இடைவெளியில் வரும், சக்கரத்தில் நாடா எவ்வளவு சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து. பத்தில் ஒரு செக்கன் அளவில் கேட்கும் எதிரொலி வேறு: அது 35 மீற்றர் தள்ளிக் கட்டிய இன்னொரு புனலில் இருந்து ஒலி வந்துசேர எடுத்த நேரம். அது நிகழ்ச்சியின் பகுதி. அதை விட்டுவிடுங்கள்.

மடிக்கணினியின் மைக் துளை வேண்டாம். 24 பிற்று தரும் வெளி ஒலி இடைமுகம் ஒன்றுக்கு டெக்கின் லைன் அவுட்டைக் கொடுத்து, 24 பிற்று, 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். வட்டில் இடம் குறைவென்றால் 48 கிலோஹேர்ட்ஸ் போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். 96இல் ஸ்ரீரியோ ஒரு மணித்தியாலம் 2 ஜிகாபைற்றுக்குச் சற்று மேல் வரும். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெலுக்குள் நிற்கட்டும். மோனோவாக இருந்தாலும் இடது, வலது இரண்டையும் எடுங்கள். இடது நாடாவின் வெளிவிளிம்பில் ஓடுகிறது. விளிம்பு நசுங்கிய கசற்றில் வலதுதான் நன்றாக இருக்கும். ஒன்றில் ஓரிடத்தில் ஒலி விழுந்தால் மற்றதில் இருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டலாம்.

இந்த முதல் கோப்பை ஒருபோதும் திருத்தக்கூடாது. பிரதி எடுத்து அதில்தான் மீதி வேலை.

வேகம்

நம் ஊர்க் கசற்றுகளின் பெரிய வியாதி இதுதான். பற்றரியில் ஓடிய றெக்கோடர், அழுத்தம் விழ விழ மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகவும் சுருதி கூடியும் கேட்கும். தொடக்கத்தில் சரியாக இருந்த பாடகர் கடைசிப் பாட்டில் கீச்சுக் குரலாகிவிடுவார். பற்றரி முற்றாக இறங்குவதற்கு முன் வருகிற பத்து இருபது நிமிடங்களில்தான் இது கூடுதலாக நடக்கும். அதனால் முழுக் கசற்றையும் ஒரே வீதத்தால் திருத்தினால் முன்பாதி கெட்டுப்போகும்.

சரியான வேகத்தை எங்கிருந்து அறிவது? மூன்று வழி இருக்கிறது. மூன்றுக்கும் நம்பிக்கை அளவு வேறு.

முதலாவது மின்சார முரல், அதாவது மின்சாரத்தால் கருவிகளில் எழும் ‘ம்ம்’ என்ற தாழ்ந்த ஓசை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அம்பிளிபயரின் முரல் புனல் வழியாகவோ வயர் வழியாகவோ கசற்றில் ஏறியிருக்கும். ஒடாசிற்றி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாட்டில்லாத அமைதியான பகுதியைத் தெரிந்து, அலைப்பரம்பல் வரைபடத்தை 65536 அளவில் போட்டு 100, 150 ஹேர்ட்ஸ் பக்கத்தில் முகடு தேடுங்கள். 50ஐ விட மேல் மடங்குகளில் அளப்பது துல்லியம். 150க்குப் பதில் 156.9 வந்தால் கசற் 4.6 வீதம் வேகமாக ஓடுகிறது. ஆனால் முதலில் நாடாவை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: அப்போதும் கேட்கிற முரல் உங்கள் டெக்கினுடையது, அதை அளந்து பயனில்லை.

இந்த வழி நகரத்து மின்சாரத்தில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் பதிந்ததற்கு நம்பலாம். 1990இல் யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு திருவிழாக்கள் ஜெனறேற்றரில் நடந்தன. அதற்கு முன்னும் வயல்வெளிக் கோயில்களில் ஜெனறேற்றர்தான். சின்ன ஜெனறேற்றர் சுமை இல்லாதபோது 52 ஹேர்ட்ஸில் ஓடி, மேடை விளக்குகளைப் போட்டதும் 50க்கும் கீழே இறங்கும். அந்த முரலை வைத்துத் திருத்தினால் நல்ல பதிவையும் கெடுத்துவிடுவீர்கள். ஜெனறேற்றரின் அடையாளம்: முரலின் கோடு பரம்பல் படத்தில் திடீர்த் திடீரென்று படிபோல் ஏறி இறங்கும், ஆனால் அதே இடத்தில் பாடகரின் சுருதி மாறாது. பற்றரி இறங்கினால் இரண்டும் சேர்ந்து ஏறும்.

இரண்டாவது வழி நிலையான சுருதி வாத்தியம். அக்கோடியனையும் மவுத் ஓர்கனையும் மேடையில் யாரும் சுருதி மாற்ற முடியாது. அவை 440 ஹேர்ட்ஸையோ அதற்குச் சற்று மேலானதையோ அடியாகக் கொண்டு செய்தவை. கிற்றாரை நம்ப வேண்டாம், அது பாடகரின் தொண்டைக்கு ஏற்ப முறுக்கியது. அரைக் கட்டை வித்தியாசம் ஏறத்தாழ 6 வீதம். ஆகவே ‘இந்தப் பாட்டு இரண்டு கட்டையில்தான் பாடுவார்’ என்ற ஊர் நினைவும், அக்கோடியன் அளவும் சேர்ந்து வந்தால் அதிகம் பிழைக்காது.

மூன்றாவது கோயில் மணி. கசற்றின் தொடக்கத்தில் பூசை மணி கேட்டால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வெடிப்பு விழாமல், உருக்கி வார்க்கப்படாமல் அதே மணி இன்றும் தொங்கினால் அதன் சுருதி அன்றைக்கு இருந்ததுதான். கோயிலாரிடம் கேளுங்கள், போரில் சேதமாகிப் புது மணி வைத்த கோயில்கள் பல. அதே மணிதான் என்றால் போனில் இரைச்சல் அடக்கும் வசதியை நிறுத்திவிட்டு, வேவ் கோப்பாகப் பதியுங்கள். அடி விழுந்த கணத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின்னான இரண்டு மூன்று செக்கன் ரீங்காரத்தில் உயர்ந்த மூன்று முகடுகளைக் குறியுங்கள். கசற்றிலும் அதே மூன்று. உதாரணமாக இன்றைய மணி 412, 689, 1034. கசற்றில் 431, 721, 1082. மூன்றின் விகிதமும் 1.046 என்று ஒத்துவருகிறது, ஆகவே அதே மணி, கசற் 4.6 வீதம் வேகம். மூன்றும் மூன்று விகிதம் சொன்னால் மணி மாறிவிட்டது, விட்டுவிடுங்கள்.

இதில் பலர் சறுக்குகிற கணக்கு ஒன்று. 4.63 வீதம் வேகமென்றால் 4.63 குறைக்கக்கூடாது. 1ஐ 1.0463ஆல் பிரித்தால் 0.9557, ஒடாசிற்றியில் இட வேண்டியது மைனஸ் 4.43. சரியாகச் செய்தால் 45 நிமிடப் பக்கம் 47 நிமிடம் 5 செக்கனாக நீளும். சுருதியையும் வேகத்தையும் சேர்த்து மாற்றும் கருவியையே பாவியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது இதற்கல்ல.

போகப் போக ஏறும் சுருதிக்கு ஒடாசிற்றியின் நேரத் தடம் இருக்கிறது. அதன் எல்லையை 90 முதல் 110 வரை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாக, பற்றரி இறங்கும் கடைசிப் பகுதியில் நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகக் குத்திக் கோட்டை வளையுங்கள். ஏற்றுமதி செய்யும்போதுதான் அது கோப்பில் ஏறும். சைக்கிள் டைனமோவில் ஓட்டிப் பதிந்ததில் மிதிக்கு மிதி வருகிற தள்ளாட்டம் வேறு விஷயம். அதற்கென்று தனி மென்பொருள் உண்டு, விலை கையைக் கடிக்கும். வேகத்தின் சராசரியைச் சரிசெய்துவிட்டுத் தள்ளாட்டத்தை அப்படியே விடுவது நல்லது.

இரைச்சல்

வேகம் சரியான பிறகுதான் முரலைத் தொட வேண்டும், அப்போதுதான் அது ஒரே இடத்தில் நிற்கும். 50, 100, 150இல் மிக ஒடுக்கமான வெட்டு, ஒடுக்கத்தைக் குறிக்கும் கியூ எண் 30 அளவில். அகலமாக வெட்டினால் 49 ஹேர்ட்ஸில் இருக்கும் பேஸ் கிற்றாரின் சுரம் சேர்ந்து போகும். புனல் ஒலிபெருக்கி மட்டும் இருந்த நிகழ்ச்சியென்றால் அந்த ஆழத்தில் பாட்டே இல்லை; 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே மொத்தமாக வெட்டிவிட்டால் வேலை முடிந்தது.

நாடா இரைச்சலைக் குறைப்பதென்றால் 6 டெசிபெலுக்கு மேல் போக வேண்டாம். கைப் றெக்கோடர்களில் ஒலி அளவு தானாகவே ஏறி இறங்கும்: ட்ரம் அடித்ததும் எல்லாம் அமுங்கும், பாட்டு நின்றதும் சனத்தின் சத்தமும் இரைச்சலும் மேலே மிதந்து வரும். ஆகவே ஓரிடத்தில் எடுத்த இரைச்சல் மாதிரி அடுத்த இடத்துக்குப் பொருந்தாது. பாட்டுக்குப் பாட்டு மாதிரி எடுங்கள். ஒடாசிற்றியில் நீக்கப்படுவதை மட்டும் கேட்கும் வசதி இருக்கிறது. அதில் பாடகரின் சொல் ஒன்றாவது விளங்கினால் அளவுக்கு மீறிவிட்டீர்கள். அமுங்கிய முதல் வரியைக் கையால் 3, 4 டெசிபெல் தூக்கலாம். தானியங்கிக் கருவிகளிடம் அதைக் கொடுத்தால் சனத்தின் சத்தம் மூச்சு வாங்கத் தொடங்கும்.

புனலின் கூச்சலைத் தணிக்க 2.5 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் அகலமாக 2, 3 டெசிபெல் குறையுங்கள். 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் ஏற்ற வேண்டாம். அம்பிளிபயர் தாங்காமல் உடைந்த குரல் உடைந்ததுதான். கடைசியாக உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்கு உயர்த்தி நிறுத்துங்கள்.

சனத்தின் சத்தத்தை நீக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டாம்.

ஒரே இரவு, இரண்டு கசற்

ஒருவர் கசற்றைத் திருப்பிப் போட்ட நேரத்தில் இன்னொருவர் பதிந்துகொண்டிருந்திருப்பார். அவருடைய கசற் கிடைத்தால் விடுபட்ட பகுதியை நிரப்பலாம். இரண்டிலும் உள்ள ஒரு பாட்டின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் குறித்து, இடைப்பட்ட நேரத்தைப் பிரித்து விகிதம் எடுங்கள். வேகம் திருத்தியபின்னும் 0.2, 0.3 வீதம் வித்தியாசம் இருக்கும், அதற்கே அரை நிமிடத்தில் இரண்டு பதிவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். இரண்டாவதை முதலாவதுக்கு இழுத்துப் பொருத்தி, கைதட்டலின் நடுவில் இரண்டு மூன்று செக்கனில் ஒன்று மங்க மற்றது ஏறுமாறு இணையுங்கள். பாட்டின் நடுவே இணைத்தால் புனலில் இருந்து இருவரும் இருந்த தூர வித்தியாசம் காதில் அடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலப்பது வேண்டாம், குகைக்குள் பாடியதுபோல் ஆகிவிடும்.

இரண்டும் ஒரே இரவுதானா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். ஒரு பருவத்தில் கோஷ்டி ஊர் ஊராகப் போய் ஏறத்தாழ அதே பாட்டுகளை அதே வரிசையில் பாடியிருக்கும், கசற் உறையில் எழுதியது பாதி நேரம் பிழை. இதைத் தீர்ப்பது அறிவிப்பாளர். எத்தனையாம் திருவிழா, யாருடைய உபயம், காணாமற்போன பிள்ளை, கடைசி பஸ் எந்தச் சந்தியில் நிற்கிறது என்று அவர் சொல்வதெல்லாம்தான் அந்தப் பதிவின் முகவரி. பாட்டை மட்டும் வெட்டி வைத்துவிட்டு அறிவிப்புகளை எறிகிற பழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். தனிப் பாட்டுகள் வேண்டுமென்றால் எம்பி3இல் தனியாக வெட்டிக்கொள்ளுங்கள், முழு நீளம் அப்படியே இருக்கட்டும்.

வைப்பதும் கொடுப்பதும்

கோப்பின் பெயரில் ஊர், கோயில், ஆண்டு, கசற் எண், பக்கம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், ஊகத்தைப் பெயரில் ஏற்ற வேண்டாம். கூடவே ஒரு எழுத்துக் கோப்பு: எந்த டெக், எத்தனை வீதம் வேகம் மாற்றியது, மணியா முரலா அக்கோடியனா எதை வைத்து முடிவெடுத்தது, எந்த நிமிடத்தில் மற்றக் கசற் ஒட்டப்பட்டது. திருத்தாத மூலக் கோப்பைப் பிளாக் (FLAC) வடிவத்தில் சுருக்கினால் தரம் குறையாமல் இடம் மிச்சம். இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. பாடியவர்களிடமோ அவர்களின் குடும்பத்திடமோ கேட்டு, சம்மதத்தோடு அங்கே சேர்க்கலாம்.

கசற்றை எறிய வேண்டாம். முழுதும் ஒரு முனைக்குச் சுற்றி, உறைக்குள் போட்டு, நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில், ஓட்டுக்குக் கீழான பரணில் அல்லாமல் வீட்டின் நடு அறையில், தரையில் இருந்து ஒரு முழம் உயரத்தில். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜெல்லின் நிறம் மாறினால் வறுத்து எடுத்து, ஆறியபின் திரும்பப் போடுங்கள். ஐப்பசியில் ஒரு தரம், தையில் ஒரு தரம் பார்த்தால் போதும்.